பிள்ளைக்குத் தடி இருக்கு, ரத்தம் இருக்கா?

தனுவச்சபுரத்தில் ரயிலேறினால் தெற்கே அடுத்த நிலையம் பாறசாலை. அதற்கப்பால் களியக்காவிளை வந்துவிட்டால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் எல்லை பார்ப்பதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் இரு பக்கமும் முதலில் கேட்பது, "எத்தன கிலோ இருக்கு?" என்றுதான். மூன்றரை என்றால் எல்லார் முகமும் மலரும். ரத்தம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை, ஒரு வயது ஆன பிறகும்.

கேட்கவேண்டியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 39.4 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம், இந்தியா முழுக்க 67.1 சதவீதம். அதே கணக்கெடுப்பில், அளவுக்கு மிஞ்சிய எடையுள்ள பெண்கள் கேரளத்தில் 38.1 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். தாயின் தடியும் பிள்ளையின் சோகையும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதை நம் ஊரில் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். எல்லையின் இரு பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துத்தான் கீழே உள்ள குறிப்புகள்.

1. கர்ப்பம் உறுதியான உடனே, 12 வாரத்துக்குள், எடையை அட்டையில் எழுதி வாங்குங்கள். மசக்கையும் வாந்தியும் போகட்டும், ஐந்தாம் மாதம் பார்க்கலாம் என்று விட்டால், எங்கிருந்து ஏறியது என்று பிறகு கணக்குத் தெரியாது. இங்கே பொதுவாக 10 முதல் 12 கிலோ கூடவேண்டும் என்பார்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. உயரத்துக்குத் தக்க எடையுள்ளவர் 11.5 முதல் 16 கிலோ, எடை மிகுந்தவர் 7 முதல் 11.5, உடற்பருமன் உள்ளவர் 5 முதல் 9 கிலோ என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் வகுத்தது. மெலிந்த பெண்ணுக்கு இதைவிடக் கூடுதல் வேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என்று முதல் பரிசோதனையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'ரெண்டு பேருக்குச் சேர்த்துத் தின்னு' என்கிற மாமியார் அன்பை மறுக்கச் சங்கடமாக இருந்தால், இரண்டாவது தட்டில் சோற்றுக்குப் பதில் மீனும் பயறும் வைக்கச் சொல்லுங்கள்.

2. தடித்த உடம்பு என்றால் ரத்தம் நிறைய இருக்கும் என்று நம்பி இரும்பு மாத்திரையைத் தள்ளிவைக்க வேண்டாம். உடம்பில் கொழுப்பு மிகும்போது உள்ளுக்குள் மெல்லிய அழற்சி ஒன்று நீடிக்கிறது. அது கல்லீரலில் 'ஹெப்சிடின்' என்னும் சுரப்பைக் கூட்டுகிறது. ஹெப்சிடின் கூடினால் சாப்பாட்டிலுள்ள இரும்பு குடலிலிருந்து ரத்தத்துக்குள் போவது குறையும், குழந்தைக்குப் போய்ச் சேர்வதும் குறையலாம். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் சேர்ந்தால் இன்னும் சிக்கல். அந்தத் தாய்மாருக்குப் பிள்ளை 4 கிலோ இருந்தாலும் இரும்புச் சேமிப்பு குறைவாக இருப்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். ஆஸ்பத்திரி வாசலில் மிட்டாய் கொடுக்க வைக்கும் அந்த நாலு கிலோவைத்தான் பிறகு கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டும்.

3. அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி 180 நாள். இந்த இரண்டாவது 180 நாள்தான் பெரும்பாலும் போய்விடுகிறது. பேற்று மருந்தும் லேகியமும் தொடங்கியதும் 'எல்லாம் இதுல இருக்கு' என்று மாத்திரை அலமாரிக்குள் போகும். லேகியம் தின்னுங்கள், ருசியானது. மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. லேகியத்தின் நெய்யும் கருப்பட்டியும் எடை ஏற்றும் என்பதும் நினைவிருக்கட்டும்.

4. மாத்திரை குமட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடும், இரும்பு மாத்திரையை அதிலிருந்து 2 மணி நேரம் தள்ளியும் எடுக்கவேண்டும். சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். மலம் கறுத்துப் போவது இயல்பு.

5. பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவைக்க ஒரு வரி: "கொடியை உடனே கட்ட வேண்டாம்." குழந்தை பிறந்து குறைந்தது 1 நிமிடம் கழித்துத் தொப்புள்கொடியைக் கட்டவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியிலிருக்கும் ரத்தம் பிள்ளைக்குள் போய்ச் சேர்கிறது. 2006-இல் வெளியான மெக்சிகோ நகர ஆய்வொன்றில், 2 நிமிடம் பொறுத்துக் கொடி கட்டிய குழந்தைகளுக்கு 6 மாத வயதில் இரும்புச் சேமிப்பு 27 முதல் 47 மில்லிகிராம் வரை கூடியிருந்தது. செலவில்லாத வைத்தியம். பிள்ளைக்கு மூச்சு வராமல் அவசரமானால் மட்டும் டாக்டர் முடிவே முடிவு.

6. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 75 மில்லிகிராம் இரும்பு இருக்கும். தாய் கொடுத்தனுப்பும் கைமுதல் அது. பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. அதனால் குறைமாதப் பிள்ளைக்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் கைமுதல் சின்னது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு 2 மாத வயதிலேயே இரும்புச் சொட்டு மருந்து தொடங்கவேண்டிவரும். அளவை டாக்டர்தான் எடை பார்த்துச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த பாட்டிலை வாங்கி ஊற்றக்கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. குழந்தை ஐந்து மாதத்தில் பிறந்த எடையின் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. உடம்பு வளர வளர ரத்தமும் பெருகவேண்டும், ரத்தத்துக்கு இரும்பு வேண்டும். ஆகவே மளமளவென்று எடை ஏறும் பிள்ளை கைமுதலைச் சீக்கிரமாகத் தீர்த்துவிடும். 'நல்ல வண்ணம் வச்சாச்சு' என்று எல்லாரும் கன்னத்தைக் கிள்ளுகிற அந்த எட்டாம் ஒன்பதாம் மாதத்தில்தான் சோகை சத்தமில்லாமல் தொடங்கும்.

7. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதில் இரும்பு சொற்பம், ஆனால் பாதியளவு உடம்பில் சேரும். வேறெந்தப் பாலிலும் அப்படிச் சேராது. ஆறு மாதம் முடிந்த பிறகு தாய்ப்பாலும் வேண்டும், அதோடு இரும்புள்ள சாப்பாடும் வேண்டும். சோறூணுக்குக் கோயிலில் இலை போட்டு வாயில் பருக்கை வைத்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று. மறுநாள் முதல் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஏத்தங்காய்ப் பொடிக் குறுக்கு, கூவைமாவு, நடுவே ஒரு மட்டிப் பழம். மூன்றும் நல்ல பொருள்கள்தான், வயிற்றுக்கு இதம். ஆனால் மூன்றிலும் மாவுச்சத்தே மிகுதி, இரும்பு மிகக் குறைவு. எடை ஏறும், ரத்தம் ஏறாது. குறுக்கை நிறுத்தச் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு வேளையோடு வைத்துக்கொண்டு, மற்ற வேளைகளில் பருப்பு, முட்டை, மீன், கீரை சேர்ந்த குழைசாதம் கொடுங்கள்.

8. கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. கால்சியத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரும்பும் ஓரளவு உண்டு, ஆனால் அதிலுள்ள ஃபைடேட் என்னும் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்துப் பொடித்தால் அந்தப் பிடி தளரும். நேரே அரைத்த மாவைவிட இது மேல். சிறுபயறுக்கும் இதே வழி.

9. கடல் நமக்கு அருகில்தான். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு, இலையிலும் தானியத்திலும் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். கூட இருக்கும் சோறு பருப்பின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொடுக்கும். ஏழாம் எட்டாம் மாதத்திலிருந்து கொடுக்கலாம். சாளையை உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, குழைந்த சோற்றில் பிசைந்து ஒரு கரண்டி. நெத்தோலியைத் தலை கிள்ளி அவித்து மசித்தாலும் சரி. முதல் முறை கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். பெரியவர்களுக்கு வைத்த மிளகாய்க் குழம்பிலிருந்து மீனை எடுத்துக் கழுவிக் கொடுப்பதைவிட, குழம்பு கூட்டும் முன்பே பிள்ளைக்கு இரண்டு துண்டு தனியாக வைத்துவிடுவது சுலபம்.

கோழி ஈரல் வாரம் ஒருமுறை, ஒரு சின்னத் துண்டு, நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி தின்னக்கூடாது. அதில் வைட்டமின் ஏ மிகமிக அதிகம். அவர்களுக்கு விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து வரும் சிப்பி இருக்கிறது, இரும்பு நிறைந்தது. முழுக்க வேகவேண்டும். மரச்சீனியும் மீன்கறியும் என்ற நம் சேர்க்கையில் இரும்பு மீன்கறியிலிருந்துதான் வருகிறது. மரச்சீனி மலையாகவும் மீன் ஒரு துண்டாகவும் இருக்கும் தட்டைக் கொஞ்சம் மாற்றிவைத்தால் தாயின் எடைக்கும் நல்லது, ரத்தத்துக்கும் நல்லது.

10. அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 3 வயது வரை கொடுக்கும் அம்ருதம் பொடியை வீட்டுப் பெரியவர்கள் உண்ணியப்பமாகச் சுட்டுத் தீர்க்காதீர்கள். குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிப்பது. 100 கிராமில் கோதுமை 45, கடலைப்பருப்பு 15, சோயா 10, நிலக்கடலை 10, சர்க்கரை 20 கிராம். ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே சர்க்கரை என்பதால் மேலும் கருப்பட்டியோ சீனியோ போடவேண்டாம். கஞ்சியாகக் காய்ச்சிச் சலித்துப்போன பிள்ளைக்கு, பொடியில் முருங்கையிலையை நறுக்கிப் போட்டு மெல்லிய அடையாகச் சுட்டுக் கொடுங்கள். ஒரு வயது கடந்த பிள்ளை கையில் பிடித்துத் தின்னும். நிலக்கடலை இருப்பதால் முதல் தடவை இதையும் கொஞ்சமாகவே தொடங்குங்கள். எல்லைக்கு அப்பால் அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவுக்கும் இதே முறைதான்.

11. கீரை நல்லது. ஆனால் செஞ்சீரைத் தோரனின் சிவப்பு நேரே ரத்தமாகிவிடும் என்று எண்ணக்கூடாது. பீட்ரூட்டுக்கும் மாதுளைக்கும் இது பொருந்தும். கீரை இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி பக்கத்தில் இருக்கவேண்டும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய்ச் சம்மந்தி, அல்லது முற்றத்துப் பேரைக்காய் ஒன்று. பிள்ளைக்குப் பேரைக்காயை விதை நீக்கி மசித்துக் கொடுக்கலாம். கருப்பட்டியிலும் ஈந்தப்பழத்திலும் இரும்பு கொஞ்சம்தான். அவற்றைத் தின்னும் அளவுக்கு ஏறுவது எடையே.

12. சாயாவைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைக்கவேண்டும், முன்னும் பின்னும். கட்டஞ்சாயாவிலுள்ள டானின், தோசையிலும் பயற்றிலும் உள்ள இரும்பைச் சேரவிடாது. புட்டும் பயறும் தின்று கையோடு ஒரு சாயா என்பது நம் பழக்கம், கர்ப்பிணியாவது அதை மாற்றவேண்டும். குழந்தைக்குச் சாயாவே கூடாது. 'ஒரு மடக்கு' கூட வேண்டாம். பிஸ்கட்டைச் சாயாவில் நனைத்து ஊட்டுவது வயிற்றை அடைக்கும், அவ்வளவுதான்.

13. ஒரு வயதுக்கு முன் பசும்பால் குடிக்கக் கொடுக்காதீர்கள். அதில் இரும்பு இல்லாத குறை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவும் உண்டாகும். ஒரு வயதுக்குப் பிறகும் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது. பால்புட்டியோடு திரியும் இரண்டு வயதுப் பிள்ளை குண்டாகவும் வெளுத்தும் இருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு இடமில்லாமல் பால் வயிற்றை நிரப்பிவிடுகிறது. புட்டியை எடுத்துவிட்டுக் கிளாஸில் கொடுத்தால் அளவு தானே குறையும்.

14. இரும்புச் சீனச்சட்டியில் புளி சேர்ந்த கறி வைத்தால் கொஞ்சம் இரும்பு கறியில் இறங்கும். எத்தியோப்பியாவில் இரும்புப் பானையில் சமைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வெளியானது. குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் கூடியிருந்தது. மற்ற இடங்களில் பலன் ஒரே சீராக இல்லை. ஆகவே சட்டியை உபயோகியுங்கள், மருந்தை அதற்காக விடாதீர்கள். கறியை அதிலேயே இரவு முழுக்க வைக்கவேண்டாம், நிறமும் ருசியும் கெடும்.

15. ரேஷன் அரிசியில் அங்கங்கே மற்ற மணியிலிருந்து நிறம் சற்று மாறித் தெரியும் மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் அவை, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தவை. எறிந்தால் போவது இரும்புதான். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடவேண்டும்.

16. 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லிலிட்டர் இரும்பு சிரப் அரசுத் திட்டத்தில் இலவசம். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு. ஆஷா பணியாளரைக் கேட்டு வாங்குங்கள். சோகை வராமல் தடுக்கத்தான் இந்த அளவு. வந்துவிட்டால் டாக்டர் எடைக்குத் தக்கபடி வேறு அளவு தருவார். நாக்கின் பின்பக்கம் விட்டால் பல்லில் கறை படியாது. பாலோடு கலக்காதீர்கள். நல்ல காய்ச்சலில் இருக்கும்போது நிறுத்திவைத்து, தேறியதும் தொடருங்கள்.

17. ரப்பர் தோட்டத்து ஈரமண்ணில் செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு ஏறும். அது குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். 1 வயது முடிந்தால் அரை மாத்திரை, 2 வயது முடிந்தால் ஒரு முழு மாத்திரை என்று ஆல்பெண்டசோல் அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை தருவார்கள். சின்னப் பிள்ளைக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் சிக்கும்.

18. எடை பார்க்கும் நாளில் கண்ணையும் பாருங்கள். கீழிமையை லேசாக இழுத்தால் உட்புறம் சிவந்திருக்கவேண்டும். உள்ளங்கையை உங்கள் கையோடு வைத்து ஒப்பிடுங்கள். காரணமில்லாத சிடுசிடுப்பு, பசியின்மை, அழுது அழுது மூச்சடைத்து நீலமாவது, மண், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி தின்பது ஆகியவை எல்லாம் சோகையின் அடையாளமாக இருக்கலாம். மண் தின்னும் பிள்ளையைக் கையில் அடிப்பதைவிட ரத்தம் பார்ப்பது பயன் தரும்.

லேசான சோகை கண்ணுக்குத் தெரியாது. 9-ஆம் மாதத்து மீசில்ஸ்–ரூபெல்லா ஊசிக்குப் போகும்போதே ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 10.5 கிராமுக்குக் கீழும், அதன்பிறகு 5 வயது வரை 11-க்குக் கீழும் இருந்தால் சோகை என்பது 2024-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவு. மருந்து தொடங்கி ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும், அதே சிரப்பை மாற்றி மாற்றி வாங்கிப் பயனில்லை. அளவு சரியானதும் மருந்தை நிறுத்திவிடாமல், டாக்டர் சொல்லும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிறையும். முதல் இரண்டு ஆண்டின் இரும்புக் குறைவு பின்னால் படிப்பிலும் தெரியும் என்பதைக் கோஸ்டாரிகா நாட்டுக் குழந்தைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து பெட்சி லோசாஃப் என்ற மருத்துவர் காட்டியிருக்கிறார்.

19. அக்கரையில் தாய்வீடும் இக்கரையில் புகுந்தவீடுமாக இருப்பவர்களுக்கு: கேரளத்தில் ஆர்.சி.ஹெச். எண், தமிழ்நாட்டில் பிக்மி எண் என்று பதிவு தனித்தனி. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது தாய்–சேய் அட்டையையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்; எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். போன இடத்தில் முதல் வாரமே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். திரும்பி வந்ததும் இங்குள்ள அங்கன்வாடி டீச்சரிடம் பிள்ளையின் பிறந்த எடையைச் சொல்லுங்கள். மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளை இரண்டு பக்கத்துப் பட்டியலிலும் விடுபட்டுப்போவது எளிது. குறைந்த எடையில் பிறந்து 2 மாதத்தில் சொட்டு மருந்து தொடங்கவேண்டிய பிள்ளை விடுபட்டால் நஷ்டம் பெரிது.

20. அடுத்த பிள்ளைக்குக் குறைந்தது இரண்டு வருடம் பொறுங்கள். தாயின் இரும்பு ஈடாக அவ்வளவு காலம் தேவைப்படும். அதற்குள் முதல் பிரசவத்தில் ஏறிய எடையையும் கொஞ்சம் இறக்கலாம்.

21. சிவப்பு மாத்திரை பார்ப்பதற்கு மிட்டாய்தான். தவழும் பிள்ளை பத்து மாத்திரை தின்றால் உயிருக்கே ஆபத்து. தலையணை அடியிலும், டி.வி. மேசையிலும், தொட்டில் பக்கத்து ஜன்னலிலும் வைக்காமல், பூட்டுள்ள அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். சிரப் பாட்டிலும் அங்கேயே. தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மிச்ச மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முதலில் வாந்தி எடுத்துப் பிறகு பிள்ளை தேறியதுபோல் சில மணி நேரம் விளையாடும். அதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது.